வீட்டுப் பட்டறையில் பிறந்த மின்சார வண்டி

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, மாதச் சம்பளக் கணக்கை முடித்துப் புத்தகத்தை மூடும் வேளையில், நம் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அலுவலகச் சன்னலருகே வந்து நின்றார். "ஐயா, வீட்டில் எஞ்சின் போன பழைய வேன் ஒன்று கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரும் பாட்டரியும் வைத்து ஓட்டலாமா? நீங்கள் இங்கிலீஷ் புத்தகம் படிக்கிறவர்கள், கேட்டுப் போகலாமென்று வந்தேன்" என்றார். நாமும் சற்றும் யோசியாமல், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் செய்கிற காரியம், தம்பி. நம்மால் ஆகாது" என்று சொல்லிவிட்டோம். "சரிங்க ஐயா" என்று அவரும் போய்விட்டார்.

அவர் போனபின்புதான் நம் மனம் உறுத்தலாயிற்று. ஆகாது என்பதை நாம் எந்த நூலில் படித்தோம்? ஒன்றிலும் படித்ததில்லை. ஆங்கிலப் பள்ளியில் பயின்று, மேசையில் அமர்ந்து, பிறர் கைவேலைக்குக் கணக்கெழுதியே பழகிவிட்ட நம் போன்றோருக்கு, தெரியாத ஒன்றைக் கேட்டால் ஆகாது என்று சொல்வது எளிதாகி விடுகிறது. அந்த வாரம் முதல் மின்சார வண்டியின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, அவ்விளைஞருக்கு நாம் சொன்னது முற்றும் பிழை என்பது விளங்கிற்று. நாம் கண்டவற்றை இங்கு எழுதுகிறோம். அவர் ஒருவருக்கு மட்டும் அன்றி, பட்டறையிலும் கொட்டகையிலும் இதே கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் மற்றவர்க்கும் இது பயன்படக்கூடும்.

முதலாவதாக அறிய வேண்டியது யாதெனில், மின்சார வண்டி என்பதே பெரிய கம்பெனியில் பிறந்ததன்று. 1881-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பாரிஸ் நகரத்தின் வலுவா என்னும் தெருவில், குஸ்தாவ் துரூவே என்ற கருவி வினைஞர் ஒரு மூன்று சக்கர மிதிவண்டியை ஓட்டிக் காட்டினார். அவ்வண்டியை அவர் செய்யவில்லை. அஃது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் செய்து விற்கப்பட்ட சாதாரண மிதிவண்டி. அதில் சிறிய மின்மோட்டாரையும், மின்னேற்றி வைக்கும் பாட்டரியையும் தாமே பொருத்தி, மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். ஆகவே, உலகத்தில் தெருவில் ஓடிய முதல் மின்சார வண்டிகளுள் வைத்து எண்ணப்படும் அவ்வண்டி, வேறொன்றுக்காகச் செய்த வண்டியை ஒருவர் தம் கையால் மாற்றியமைத்ததேயாகும். அவ்விளைஞரும் தம் வேனைக் காட்டி இதைத்தானே கேட்டார்!

அமெரிக்காவிலும் கதை அவ்வாறே. அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரத்தில் வில்லியம் மாரிசன் என்பவர், சுமார் 1890-ல், குதிரை பூட்டும் சாரட்டு ஒன்றில் இருக்கைக்குக் கீழே 24 மின்கலங்களை அடுக்கி ஓட்டினார். அவருக்கு வண்டியின்மீது அத்துணை மோகமில்லை. தாம் செய்த பாட்டரியின் வலிமையை ஊரார்க்குக் காட்டுவதே அவர் எண்ணம். வண்டி சாக்கு, பாட்டரியே காரியம். இக்கட்டுரை முழுவதிலும் நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி இதுவே. மோட்டார் என்பது அன்றே ஏறக்குறைய முடிந்துவிட்ட காரியம். நூற்று நாற்பது ஆண்டுகளாக மனிதன் தேடி அலைந்தது மோட்டாரையன்று, பாட்டரியையே.

அந்தப் பாட்டரி எத்தகையது? 1859-ல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, இரண்டு ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் கூடிய கலத்தை முதன்முதலில் செய்தார். 1881-ல் காமில் ஃபோர் என்பவர் அத்தகடுகளின்மீது ஈயக் கூட்டுப்பொருளைப் பசைபோல் பூசி, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்று நம் தோட்டத்து லாரியில் இருப்பதும் அடிப்படையில் அதே பொருள்தான். ஈயம் மலிவு, செய்வதும் எளிது, கேட்ட மாத்திரத்தில் பெரும் மின்னோட்டத்தைக் கொடுக்கும். ஆனால் பாரமோ பாரம்! ஒரு கிலோ எடையுள்ள ஈயப் பாட்டரி 30 முதல் 40 வாட்-மணி சக்தியை மட்டுமே தாங்கும். பெட்ரோலோ, ஒரு கிலோவில் சுமார் 12,000 வாட்-மணி வெப்பத்தை வைத்திருக்கிறது. எஞ்சின் அதில் பெரும்பகுதியைப் புகையாகவும் சூடாகவும் வீணாக்கினாலும், மீதமுள்ளது ஈயத்தைப் பல மடங்கு மிஞ்சி நிற்கிறது.

இந்தக் குறையோடும் அக்காலத்து மின்சார வண்டிகள் பெருமையோடு ஓடின. 1899-ம் ஆண்டு ஏப்ரல் 29-ல் பெல்ஜியரான காமில் ஜெனாட்ஸி, மின்சார வண்டியில்தான் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகம் சென்றார். சாலையில் 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மனிதர் அவரே. 1900-ம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளில் 1,575 மின்சார வண்டிகள். பெட்ரோல் வண்டிகள் 936 மட்டுமே. தாமஸ் எடிசன் ஈயத்தின் பாரத்தை வெறுத்து, நிக்கலும் இரும்பும் கொண்ட பாட்டரியைச் செய்யப் பல ஆண்டுகள் உழைத்தார். முதலில் விற்றவை ஒழுகிப் பழுதுபடவே, 1904-ல் விற்பனையை நிறுத்தி, மீண்டும் ஆராய்ந்து, 1910 அளவில் திருத்திய பாட்டரியை வெளியிட்டார். அதன் உறுதிக்கு ஈடில்லை. ஏற்ற மறந்தாலும், இறக்கி வைத்துவிட்டாலும் சாகாது. ஆனால் விலை அதிகம், குளிரில் சோர்ந்துவிடும். அதற்குள் பெட்ரோல் மலிந்தது. 1912-ல் காடிலாக் வண்டியில், கையால் சுழற்றாமல் எஞ்சினைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரை சார்லஸ் கெட்டரிங் அமைத்துக் கொடுத்தார். இதில் ஒரு வேடிக்கையுண்டு. மின்சார வண்டியைத் தெருவிலிருந்து விரட்ட உதவியது அதே ஈயப் பாட்டரிதான்! அன்று முதல் அது பெட்ரோல் எஞ்சினைத் தட்டி எழுப்பும் வேலைக்காரனாகிவிட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டைப்பற்றி ஒரு வார்த்தை. அந்தக்கால ஈயப் பாட்டரியின் பெட்டி எதனாற் செய்யப்பட்டது தெரியுமா? கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கல்போல் இறுக்கிய ரப்பரால். எபோனைட் என்று அதற்குப் பெயர். திராவகம் அதனைத் தின்னாது; மின்சாரம் அதனூடே செல்லாது. பிளாஸ்டிக் பெட்டிகள் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும் வரையில், பல பத்தாண்டுகளாக உலகத்து மோட்டார் வண்டிகளின் பாட்டரிகள் ரப்பர்ப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. உலகத்து ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து சென்ற நாட்களில், விடியுமுன் எழுந்து நம் பாட்டன்மார் வெட்டிய பாலில் ஒரு பகுதி, அவர்கள் ஏறியறியாத வண்டிகளுக்குள் அமர்ந்து கொண்டது. எத்தனை எடை பால் என்று அன்றைய கிராணிகள் எழுதி வைத்தார்கள். அது எங்கே போயிற்று என்பதை எழுதும் வழக்கம் இருந்ததில்லை.

நிற்க. மின்சார வண்டிகளைச் செய்துவந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாய் மூடின. நெடுங்காலம் நிலைத்த டெட்ராயிட் எலக்ட்ரிக் கம்பெனியும் 1939-ல் தன் வேலையை முடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பெட்ரோல் கிட்டாத ஜப்பானில், விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் 1947-ல் தாமா என்ற சிறு மின்சார வண்டியைச் செய்தார்கள். தீர்ந்த பாட்டரியை வண்டியின் பக்கத்திலிருந்து உருளைகளின்மேல் இழுத்துவிட்டு, ஏற்றி வைத்ததைத் தள்ளி மாற்றும் ஏற்பாடு அதில் இருந்தது. 1950-ல் கொரியப் போர் மூண்டதும் ஈயத்தின் விலை ஏறிவிட, அதுவும் நின்றது.

இதற்குப் பின்னர் இக்கலையைக் காப்பாற்றியவர்கள் யார் என்பதே நம் கதையின் உயிர்ப்பகுதி. முதலாளிகள் கைவிட்டதை, வீட்டுக் கொட்டகையில் வேலை செய்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1967-ல் கலிபோர்னியாவில் வால்ட்டர் லாஸ்கி என்பவர் மின்சார வண்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தாமே வண்டி மாற்றுவோர் ஒருவரையொருவர் சந்தித்து, மோட்டார் எங்கே கிடைக்கும், எந்தப் பாட்டரி எத்தனை நாள் உழைக்கும் என்று பேசிக்கொள்ளும் சங்கம் அது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்த ஒரு பந்தயத்தைப்பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வாலி ரிப்பல் என்ற மாணவர், 1958-ம் ஆண்டு மாதிரியான பழைய வோக்ஸ்வாகன் வேன் ஒன்றை மின்சார வண்டியாக மாற்றியிருந்தார். அவர், அமெரிக்காவின் மறுகோடியிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்களைப் பந்தயத்திற்கு அழைத்தார். நிபந்தனை எளியது: அவரவர் தம் கல்லூரியிலிருந்து கிளம்பி எதிராளியின் கல்லூரி வாசலை அடைய வேண்டும். 1968-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ல் இரண்டு வண்டிகளும் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டன. தூரம் 3,300 மைலுக்கு மேல். வழியில் 54 இடங்களில் மின்னேற்றும் நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டிருந்தன.

இருவரும் தேர்ந்துகொண்ட பாட்டரியைக் கவனியுங்கள். மாசாசூசெட்ஸ் மாணவர்கள், புதிய செவர்லே கோர்வேர் வண்டியில் நிக்கல்-காட்மியம் பாட்டரிகளை வைத்தார்கள். அவை விமானங்களிலும் விண்வெளிக் கருவிகளிலும் வைக்கும் தரத்தவை. விலை சாமானியர் நெருங்க முடியாதது. ரிப்பலோ ஈயப் பாட்டரியைத் தேர்ந்துகொண்டார். கோடைக்காலத்துப் பாலைவனத்தில், விரைவாக மின்சாரத்தை ஏற்றி விரைவாக இறக்கியதால் பாட்டரிகள் கொதித்தன. பனிக்கட்டி வாங்கி அவற்றின்மேல் கொட்டினார்கள். கலிபோர்னியா வண்டிக்கு அரிசோனாவில் மோட்டாரே எரிந்துபோக, மாற்று மோட்டார் வந்து சேரும்வரை காத்துக் கிடந்தார்கள். மாசாசூசெட்ஸ் வண்டி முதலில் போய்ச் சேர்ந்தது. ஆனால் தன் வலிமையால் அன்றி, வேறு வண்டியால் இழுக்கப்பட்டுச் சேர்ந்தது. இழுத்த தூரத்திற்கெல்லாம் தண்டனை நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ அரைமணி நேர வித்தியாசத்தில் பழைய வேனே வென்றதாகத் தீர்ப்பாயிற்று.

உயர்ந்த பாட்டரி தோற்று, மலிந்த பாட்டரி வென்றது என்று இதனைச் சுருக்கிச் சொல்வது நியாயமாகாது. தண்டனைக் கணக்கு சிறிது மாறியிருந்தால் தீர்ப்பும் மாறியிருக்கும். நாம் இதில் காண்பது வேறு. ஈயப் பாட்டரி பழுதானால் அடுத்த ஊரில் இன்னொன்று வாங்கலாம். அதன் குணங்களை நூறாண்டாகக் கையாண்டவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பாட்டரியைத் தேர்வதில் அதன் சக்தி ஒரு பாதி. அதனை அறிந்த கைகள் அருகிலிருக்கின்றனவா என்பது மறுபாதி.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அமெரிக்காவில் பெட்ரோல் கடைகளின் முன் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கொட்டகைக்காரர்களின் தொகையும் பெருகிற்று. பழைய போர்விமானங்களின் எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்கள் காயலாங்கடையில் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கி வண்டியில் பொருத்தினார்கள். ஆர்க்கன்சா மாநிலத்தில் ஒருவர் அத்தகைய மோட்டாரையும், புல்வெட்டும் இயந்திரத்தின் சிறு எஞ்சினையும் சேர்த்து ஓப்பல் வண்டியொன்றை ஓட்டிய செய்தி 1979-ல் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. வரைபடம் வேண்டுமென்று 60,000 பேர் எழுதிக் கேட்டார்களாம்! அக்காலத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையும் முரட்டுத்தனமானதே. 12 வோல்ட், 24 வோல்ட், 48 வோல்ட் என்று இரும்புச் சுவிட்சுகள் படபடவென்று மாற்றிக்கொடுக்க, வண்டி குதிரைபோல் துள்ளித் துள்ளிப் போகும். டிரான்சிஸ்டர் கட்டுப்படுத்திகள் மலிந்த பின்னரே அது சீராயிற்று.

பின்னர், பண்டகசாலையில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டியின் மோட்டாரும், கோல்ப் மைதானத்து வண்டியின் பாட்டரியும் இவர்களுக்கு வாய்த்தன. இக்கோல்ப் பாட்டரியைப்பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் லாரியில் இருப்பது ஸ்டார்ட்டர் பாட்டரி. சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. அதனை அடிவரை இறக்கி இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் செத்துவிடும். கோல்ப் பாட்டரியின் தகடுகள் தடித்தவை. நாள்தோறும் ஆழ இறக்கி ஏற்றுவதற்கென்றே செய்தவை. இந்த வேற்றுமையை அறியாமல், லாரி பாட்டரிகளை வாங்கி அடுக்கிப் பணத்தைத் தொலைத்த ஆரம்பக்காரர்கள் பலர்.

அடுத்தது கணக்கு. கணக்கென்றால் நமக்குச் சற்று உற்சாகம் பிறக்கிறது, நேயர்கள் பொறுத்துக்கொள்க. கொட்டகைக்காரர்கள் மிகுதியாக வாங்கிய டிரோஜன் டி-105 என்னும் பாட்டரி 6 வோல்ட், சுமார் 28 கிலோ எடை, 225 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று குறிக்கப்பட்டது. இவற்றில் 16 எடுத்து வரிசையாகக் கட்டினால் 96 வோல்ட். எடை 450 கிலோவை நெருங்கும். காகிதத்தில் 21,600 வாட்-மணி. ஆனால் அந்த 225 என்னும் எண் எப்படி வந்தது? இருபது மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்கினால்தான் அவ்வளவும் கிடைக்கும். 75 ஆம்பியர் வீதம் இழுத்தால் 115 நிமிடமே தாங்கும் என்று அப்பாட்டரிக்காரரே குறித்திருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 144 ஆம்பியர்-மணிதான் வருகிறது. வேகமாக இறக்க இறக்க ஈயப் பாட்டரி தன் கொள்ளளவைச் சுருக்கிக்கொள்ளும் என்ற இவ்விதியை, பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே கணக்கிட்டு வைத்தார். மேட்டில் ஏறும் வண்டியோ 200, 300 ஆம்பியர் இழுக்கும். மேலும், பாட்டரி நெடுநாள் வாழ வேண்டுமானால் அதிலும் கால்பங்கையாவது தொடாமல் விட வேண்டும். ஆக, 21,600 என்று எழுதியது சாலையில் 10,000 அளவில் வந்து நிற்கிறது. சிறு வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 200 வாட்-மணி வீதம் பார்த்தால், 50 கிலோமீட்டர். அந்த ஐம்பதுக்காக ஆறேழு ஆட்களின் எடையுள்ள ஈயத்தைச் சுமந்து செல்ல வேண்டும்!

இந்தக் கணக்கை அவர்கள் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. பாட்டரிகளைக் கொன்று கற்றார்கள். இறக்கிய பாட்டரியை ஏற்றாமல் சில வாரம் விட்டால், தகட்டின்மீது ஈயக் கந்தகை உப்பு கெட்டிப்பட்டுப் பின் கரைவதில்லை. வரிசையில் ஒரு கலம் நலிந்தால், மற்றவை அதனூடே மின்சாரத்தைத் தள்ளித் தலைகீழாக்கி அழித்துவிடும். ஆகையால், வாரந்தோறும் ஹைட்ரோமீட்டர்க் குழாயை விட்டுத் திராவகத்தின் அடர்த்தியைப் பார்த்து, வடிநீர் ஊற்றி, ஒவ்வொரு கலத்திற்கும் தனித்தனியே கணக்கெழுதி வைத்தார்கள். வேலை முடிந்து வந்த தச்சரும் ஆசிரியரும் தபால்காரரும் இரவில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதிய அந்தக் கணக்குகள், பெரிய ஆராய்ச்சிசாலைகளில் கிடையாத அனுபவம்.

பெரிய கம்பெனிகள் அதற்குள் வராமலில்லை. 1990-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இம்பாக்ட் என்ற மின்சார வண்டியைக் காட்டிற்று. 1996 முதல் அதன் வழிவந்த இ.வி.1 வண்டிகள் வாடகைக்கு விடப்பட்டன. ஆயிரத்துச் சொச்சம் வண்டிகளே செய்யப்பட்டன. பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஓட்டியவர்கள் விலைக்குக் கேட்டும் கொடாமல், பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த இம்பாக்டைச் செய்தவர்களுள் ஒருவர் யார்? 1968-ல் பழைய வேனை ஓட்டிச் சென்ற அதே வாலி ரிப்பல்! அவரோடு உழைத்த ஆலன் கொக்கோனி என்பவரும் தம் கையால் வண்டி மாற்றியவரே. இவர்கள் சேர்ந்து தொடங்கிய ஏ.சி. புரொபல்ஷன் என்ற சிறு கம்பெனி, 1997-ல் டீசீரோ என்ற இருவர் அமரும் வண்டியை ஈயப் பாட்டரியோடு செய்தது. 2003-ல் அந்த ஈயத்தையெல்லாம் கழற்றிவிட்டு, மடிக்கணினியில் வைக்கும் விரலளவு லித்தியம் கலங்களில் 6,800 எண்ணிக்கையைக் கோத்து வைத்தார்கள். வண்டியின் எடை ஏறக்குறைய 225 கிலோ குறைந்தது. ஒருமுறை ஏற்றினால் ஓடும் தூரமோ நூறு மைலுக்குள் இருந்தது, முந்நூறு மைலைத் தொட்டது.

அந்த வண்டியில் ஏறிப் பார்த்து வியந்தவர்களே டெஸ்லா கம்பெனியைத் தொடங்கினார்கள். அக்கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவராக விளங்கிய ஸ்ட்ராபல், அதற்குமுன் 1984-ம் ஆண்டுப் போர்ஷே வண்டியொன்றை ஈயப் பாட்டரியால் ஓடும்படித் தாமே மாற்றிப் பழகியவர். ரிப்பலும் பின்னர் சிலகாலம் அங்கே பணியாற்றினார். இன்று கோலாலம்பூர்த் தெருவில் ஓசையின்றிப் போகும் அந்த விலையுயர்ந்த வண்டியின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடிப்போனால், பனிக்கட்டி கொட்டிய பழைய வேனில் போய் முடிகிறது. கம்பெனிக்காரர்கள் செய்கிற காரியம் என்று அன்று மாலை நாம் சொன்னோமே, அந்தக் கம்பெனிக்காரர்களே நம் பட்டறை இளைஞரைப் போன்றவர்களாய்த்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

லித்தியத்திலும் வகையுண்டு. மடிக்கணினிக் கலங்களில் பெரும்பாலும் கோபால்ட் சேர்ந்திருக்கும். சக்தி மிகுதி, ஆனால் அடிபட்டாலோ அளவுக்கு மேல் ஏற்றினாலோ தீப்பிடித்து அணைப்பதற்கு அரிதாகும். 1997-ல் ஜான் குடெனப் அவர்களின் ஆராய்ச்சிக் குழுவினர், கோபால்ட்டுக்குப் பதிலாக இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட வகையை வெளியிட்டார்கள். எடைக்கு எடை இதன் சக்தி குறைவு. ஆனால் சூட்டைப் பொறுக்கும், எளிதில் தீப்பற்றாது, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். இவ்வகைக் கலங்களைச் செங்கல் வடிவத்தில் பெரிதாகச் செய்து சீனாவின் தண்டர் ஸ்கை முதலிய கம்பெனிகள் விற்கத் தொடங்கியதும், கொட்டகைக்காரர்கள் ஈயத்திற்கு விடை கொடுத்தார்கள்.

அத்துடன் அவர்களுக்குள் ஒரு சண்டையும் மூண்டது. ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் மின்னணுச் சாதனம் அவசியம் என்பது ஒரு கட்சி. அச்சாதனமே பழுதுபட்டுத் தீயை மூட்டுகிறது. எல்லாக் கலங்களையும் தொடக்கத்தில் அடிமட்டத்தில் சமமாக்கி வைத்துவிட்டு, மேலே சற்றுக் குறைவாகவே ஏற்றிவந்தால் போதும் என்பது மறு கட்சி. மிசௌரி மாநிலத்து ஜாக் ரிக்கார்ட் இரண்டாம் கட்சிக்கு உரத்த குரல் கொடுத்தவர். கவனமும் அனுபவமும் உள்ளவர் கையில் அவர் முறையும் நடந்தது என்பதை மறுக்கவில்லை. எனினும் வண்டியை மனைவி மக்களும் ஓட்டுவார்கள். எல்லோரும் வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்டமாட்டார்கள். ஆதலின் நம் அபிப்பிராயம் முதற் கட்சியையே சார்கிறது.

இப்போதோ, மோதி உடைந்த தொழிற்சாலை மின்வண்டிகளின் பாட்டரிகளே கொட்டகைக்காரர்களுக்குச் சுரங்கமாகிவிட்டன. 2012-ல் வந்த டெஸ்லா எஸ் வண்டியின் பெரிய பாட்டரியில் 16 பெட்டிகள், பெட்டிக்கு 444 கலங்கள். ஒரு பெட்டியில் சுமார் 5,000 வாட்-மணி. நிஸ்ஸான் லீப் வண்டியில் 48 சிறு பெட்டிகள். ஒவ்வொன்றும் 4 கிலோவுக்கும் குறைவு, கழற்றி அடுக்க மிகவும் எளிது. ஆனால் லீப் பாட்டரியை நம்மவர் வாங்குமுன் ஒன்றை அறிய வேண்டும். அதில் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. 2012-ல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்து வெயிலில் ஓடிய வண்டிகளின் பாட்டரிகள் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே கொள்ளளவை இழந்து, உரிமையாளர்கள் முறையிட்டார்கள். நம் நாட்டு வெயில் பீனிக்ஸ் கோடையைப்போல் கொளுத்துவதன்று. ஆனால் இங்கே குளிர்காலம் என்று ஒன்று வந்து பாட்டரிக்கு ஓய்வு தருவதுமில்லை. ஈயமும் இதற்கு விலக்கன்று. பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது அத்தொழிலாளர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின், பட்டறைக்கு நாமே சென்றோம். அவ்விளைஞரிடம், "தம்பி, அன்றைக்கு நாம் சொன்னது தப்பு, ஆகும்" என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய்வர 28 கிலோமீட்டர். இரும்பு-பாஸ்பேட் கலங்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி உள்ளதாக 45 வாங்கினால் 144 வோல்ட், 14,400 வாட்-மணி, எடை 150 கிலோ அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவழித்தாலும் 55 கிலோமீட்டருக்குக் குறையாது. ஈயத்தில் இதே தூரத்திற்கு மும்மடங்கு எடை வேண்டும். அவ்வேனின் பின்னச்சு அதைத் தாங்காது. முதலில் கொடுக்கும் விலையைப் பார்த்தால் ஈயம் மலிவுபோல் தோன்றும். ஆண்டுக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் அப்படியன்று. முடிவில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெறாமல் ஓட்ட இயலாது என்பதையும் சொன்னோம். 96 வோல்ட்டோ 144 வோல்ட்டோ, அது மனிதனைக் கொல்லும் மின்சாரம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே தொடவேண்டும் என்பதையும் இருமுறை சொன்னோம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சற்று நேரம் வேனின் முன்பாகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "ஐயா, பிரேக் மிதிப்பது லேசாக இருப்பதற்கு எஞ்சின் இழுக்கிற காற்றுதானே காரணம்? எஞ்சினையே எடுத்துவிட்டால் பிரேக் கல்லுமாதிரி ஆகிவிடுமே, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்டார். இத்தனை நூல்களைப் படித்த நமக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை. மறுபடியும் அலுவலகத்திற்கு வந்து பக்கங்களைப் புரட்டினோம். அந்த வேலைக்கென்றே சிறிய மின்சார வெற்றிடப் பம்பு ஒன்று விற்கிறார்கள். 12 வோல்ட்டில் ஓடுவது. அதன் விலையை விசாரித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.